இரட்டைப்படையில் தும்முவது

1988, ஜூன் மாதம் 9ஆம் தேதி, வியாழக்கிழமை, காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். ஊசிச் சாரல். எதிர்ச் சரிவு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மேகம் இறங்கியிருந்தது. வாசற்படியைத் தாண்ட வலது காலைத் தூக்கினேன். தும்மல் வந்தது. ஒன்று.

தூக்கிய காலை அப்படியே வைத்துக்கொண்டு இரண்டாவதுக்காகக் காத்திருந்தேன். எங்கள் பக்கத்தில், புறப்படும்போது ஒற்றைத் தும்மல் விழுந்தால் போகிற காரியம் கெட்டுப்போகும். இரட்டையாக விழுந்தால் குற்றமில்லை. ஒற்றை விழுந்தவர் திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்பவேண்டும். எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. நம்பிக்கை இல்லை என்பதை முப்பத்தெட்டு வருடத்தில் ஒருமுறைகூட என் மனைவியிடம் சொன்னதும் கிடையாது.

அன்று நான் தும்மியதற்குக் காரணம் சளி அல்ல. அதைச் சொல்ல லேகியத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

வனத்துறை அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் குமாஸ்தாவாக இருந்தேன். வேலை பெரும்பாலும் சந்தன மரங்களை எண்ணுவது. ஒருநாள் எண்ணிக்கொண்டே பின்னால் நகர்ந்ததில் ஒரு பள்ளத்தில் விழுந்தேன். இடுப்பு போயிற்று. நாற்பத்தேழு மரம் வரை எண்ணியிருந்ததை மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று. இடுப்பு வலி ஓய்வு பெற்ற பிறகும் என்னோடு ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்திலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. மலையிலிருந்து கீழே இறங்கும் வழியில் ஆலங்காயம் பஸ் நிற்குமிடத்தில் ஒருவர் தகர டப்பாவில் வாயு லேகியம் என்று ஒன்று விற்பார். கறுப்பாக, சுண்டைக்காய் அளவு உருண்டை. படுக்கும் முன் ஒன்று போடச் சொன்னார். வலி போயிற்று. வலியோடு என் கவலைகளும் போயின. எனக்கு எந்த நேரமும் ஏழெட்டுக் கவலை இருக்கும்; அவ்வளவும் ஒரே உருண்டையில் போனது எனக்கே ஆச்சரியம். பிறகு ஒன்று மூன்றாயிற்று, மூன்று ஆறாயிற்று. ஐந்து வருடத்தில் லேகியம் போடாத வேளையில் மூக்கு ஒழுகும், கொட்டாவி வரும், தும்மல் வரும், கால் தானாக உதைத்துக்கொள்ளும். மலைக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து இன்னொரு உருண்டை போடுவேன். உடனே ஒத்துக்கொள்ளும்.

வாணியம்பாடியில் ஒரு ஆஸ்பத்திரிக்கு வியாழக்கிழமை மட்டும் வேலூரிலிருந்து ஒரு டாக்டரம்மா வருவார். என் மகள் வயது இருக்கும். மே மாதக் கடைசியில் என் மனைவி என்னை அவரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் டப்பாவை முகர்ந்து பார்த்துவிட்டு, "இதுல அபின் கலந்திருக்கு. உங்க உடம்பு அதுக்குப் பழகிடுச்சு. திடீர்னு நிறுத்தினா தாங்க மாட்டீங்க. அதுக்குப் பதிலா ஒரு மாத்திரை தர்றேன். நாக்குக்கு அடியில வைக்கணும். போகப்போகக் குறைச்சுக்கலாம். இங்க வந்து படுக்கவேண்டியதில்லை, வாரத்துக்கு ஒருநாள் வந்து போனா போதும்" என்றார்.

நான் பதினோரு கேள்வி கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு அவர் ஒரே கேள்வி கேட்டார்.

"கடைசியா லேகியம் எப்ப சாப்பிட்டீங்க?"

"இப்பத்தான், வர்ற வழியில. டாக்டரைப் பார்க்கறப்ப தெம்பா இருக்கணுமேன்னு ரெண்டு."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். லேகியம் உள்ளே இருக்கும்போது அந்த மாத்திரையை வைத்தால் அது லேகியத்தை ஒரேயடியாகப் பிடித்து வெளியே தள்ளிவிடுமாம். உடம்பு படாத பாடு படுமாம். "முந்தின நாள் மதியத்தோட நிறுத்திடுங்க. அடுத்த வாரம் நல்லா சீக்கா வாங்க. மூக்கு ஒழுகணும், தும்மல் வரணும், மயிர் குத்திட்டு நிக்கணும். அப்பத்தான் ஆரம்பிக்க முடியும்" என்றார். நோய் போதவில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட ஆள் இந்த மலையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அடுத்த வியாழக்கிழமை சொன்னபடி நல்ல சீக்காகப் புறப்பட்டேன். வாசற்படியில் ஒற்றைத் தும்மல். என் மனைவி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். எழுந்தேன், தும்மினேன், உட்கார்ந்தேன். நாலு சொம்பு தண்ணீர் உள்ளே போவதற்குள் ஆறு பத்து வண்டி போய்விட்டது. அதை விட்டால், ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் நேரத்துக்குள் போய்ச் சேரும் வண்டி வேறு கிடையாது. மதியம் வரை பொறுத்தேன். மதிய வண்டியில் ஆலங்காயம் போய் ஆறு உருண்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அன்று மாலையிலிருந்து என் மனைவி என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். ஆட்டிடம் பேச ஆரம்பித்தாள்.

"தே, உனக்குத்தான் சொல்றேன். உனக்கு அறிவு கீதா? அடுத்த வாரமும் மாத்திரை இல்லாம திரும்பி வந்தன்னு வெச்சிக்கோ, நான் செங்கத்துல எந்தம்பி வூட்டுக்குப் போய்டுவேன். அப்புறம் தழை ஒடிச்சிப் போட ஆளு கெடையாது, பாத்துக்கோ."

ஆடு என்னைப் பார்த்தது. எனக்கு அதில் இரண்டு விஷயம் உறைத்தது. என்னிடம் பேசும்போது அவள் 'ங்க' போடாமல் பேசியதே இல்லை. ஆட்டிடம் பேசும்போது அந்தக் கட்டுப்பாடு இல்லாததால் முப்பத்தெட்டு வருடத்துப் பாக்கியைத் தாராளமாகத் தீர்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது, செங்கம் போகிறேன் என்றால் போவாள். ஒருமுறை போய்ப் பதினோரு மாதம் கழித்து வந்தவள் அவள். அந்தப் பதினோரு மாதமும் நான் சமைத்ததை நான்தான் சாப்பிட்டேன்.

ஆகவே ஜூன் 9ஆம் தேதி காலை வாசற்படியில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றவனுக்கு இரண்டாவது தும்மல் எவ்வளவு தேவைப்பட்டது என்று புரிந்திருக்கும். வரவேண்டாம் என்றால் வரிசையாக வரும் தும்மல் அப்போது வரவில்லை. என் மனைவி டாக்டரம்மாவுக்குக் கொடுக்க ஒரு பலாப்பழத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள். உள்ளே சொம்பைப் பார்த்தாள். பிறகு பலாப்பழத்தின் மேல் குனிந்து, "அச்சு" என்றாள்.

அது தும்மல் இல்லை. பாடப் புத்தகத்தில் தும்மல் என்று எழுதியிருப்பதை வாசித்தது போல இருந்தது.

"ரெண்டாச்சி. நட" என்று பலாப்பழத்திடம் சொல்லிவிட்டு முன்னால் போனாள். நான் பலாப்பழத்துக்குப் பின்னால் நடந்தேன்.

வண்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. டிரைவர் எலுமிச்சம்பழத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இஞ்சினை முடுக்கினார். நான் தும்மினேன். இஞ்சின் நின்றது.

"யார்றா அது?"

வண்டியே என்னைக் கை காட்டியது.

"பெருசு, வழியெல்லாம் பள்ளம் கீது. இத்தினி சனம் ஒக்காந்துகினு கீது. ஒத்தத் தும்மல்ல நான் வண்டி எடுக்க மாட்டேன்." இறங்கிப்போய்த் தண்ணீர் குடித்து, ஒரு பீடியும் குடித்துவிட்டு வந்தார். மறுபடி முடுக்கினார். மறுபடி தும்மினேன்.

நான் எழுந்து நின்றேன். "டிரைவர், கணக்கைக் கேளுங்க. வாசல்ல ஒண்ணு, வர்ற வழியில புளியமரத்தடியில ஒண்ணு, வண்டியில ரெண்டு. ஆக மொத்தம் நாலு. இரட்டைப்படை."

கண்டக்டர் டிக்கெட் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "வூட்டுத் தும்மலை எல்லாம் வண்டியில ஏத்தாதீங்க சார். வண்டிக்குத் தனிக் கணக்கு."

"சரி, வண்டியில ரெண்டு. அதுவும் இரட்டைப்படைதானே?"

"நடுவுல டிரைவரு தண்ணி குடிச்சிட்டு வந்தாரு இல்ல? குடிச்சதும் பழசு அழிஞ்சிடுச்சி. இப்ப கணக்குல ஒண்ணுதான் கீது."

முப்பத்தோரு வருடத்தில் தணிக்கைக்கு வந்த எவரும் என்னை இவ்வளவு சுருக்கமாக மடக்கியதில்லை. என் மனைவி உதவிக்கு வந்தாள். பலாப்பழத்தின் மேல் குனிந்து "அச்சு" என்றாள். கண்டக்டர் தலையை ஆட்டினார்.

"அது செல்லாது யம்மா. ரெண்டும் ஒரே மூக்குல வரணும்."

பின் சீட்டில் புளிக் கூடையோடு ஒரு கிழவி. "இன்னாத்துக்கு இத்தினி பஞ்சாயத்து? இந்தா, ஒரு சிட்டிகை இழு. ரெண்டாவது ஓடி வரும்" என்று மூக்குப்பொடி டப்பாவை நீட்டினாள். இழுத்தேன். ஓடித்தான் வந்தது; தனியாக வரவில்லை.

"ரெண்டு!" என்றது வண்டி சந்தோஷமாக. "மூணு!" என்றது சோர்ந்துபோய்.

"இன்னொண்ணு போடு பெருசு, நாலாக்கிடலாம்!"

"அவரை அவசரப்படுத்தாதீங்கப்பா, நிதானமா வரட்டும்."

"நீ இன்னா மாட்டுக்குப் பிரசவமா பாக்கற?"

மறுபடி இழுத்தேன். நாலு. ஐந்து. இப்போது எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் கிழவியின் கையிலிருந்த டப்பாவைப் பிடுங்கி, "கொஞ்சமாப் போட்டா இப்படித்தான். இப்ப பாருங்க" என்று முழு டப்பாவையும் என் முகத்துக்கு நேரே தூக்கினார். அந்த நேரம் பார்த்து நான் தும்மினேன். டப்பாவில் இருந்த பொடி முழுவதும் வண்டிக்குள் பறந்தது.

அதன் பிறகு என்னால் எண்ண முடியவில்லை. என் வாழ்க்கையில் எண்ண முடியாமல் கைவிட்டது அது ஒன்றுதான். புளிக் கூடைக் கிழவி தும்மினாள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு தும்மியதில் விசிலும் ஊதியது. கோழிக் கூடையில் இருந்த கோழியும் ஏதோ செய்தது. கடைசியாக டிரைவர் தும்மினார், ஒன்று. வண்டி கப்பென்று அமைதியாயிற்று. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி, வாயைத் திறந்து காத்திருந்தார். எல்லாரும் காத்திருந்தோம். வந்தது.

"ரெண்டு!" என்று கத்திவிட்டு இஞ்சினை முடுக்கினார். "இனிமே எவன் தும்மினாலும் வண்டி நிக்காது. இத்தினி தும்மலுக்கு சாமிகிட்டயே கணக்கு இருக்காது."

மணி ஆறு நாற்பத்தொன்று. முப்பத்தோரு நிமிடம் தாமதம். ஆஸ்பத்திரியில் சீட்டு ஒன்பதரைக்கு மூடிவிடுவார்கள். வழக்கமாக இந்த வண்டி ஒன்பது மணிக்குப் போய்ச் சேரும். கூட்டினால் ஒன்பது முப்பத்தொன்று. கூட்டலில் தப்பு இருக்குமோ என்று காவலூர் தாண்டும்வரை திரும்பத் திரும்பக் கூட்டினேன். கையில் மயிர் குத்திட்டு நின்றது. கொட்டாவி விட்டால் தாடை திரும்பி மூடவில்லை. டிரைவர் சகுனத்தில் விட்டதை வளைவுகளில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"ஆலங்காயத்துல டீ கெடையாது. ஏத்தி எறக்கறது மட்டும்தான்" என்று கண்டக்டர் சொன்னபோது எனக்குப் பாதி நிம்மதி, பாதி ஏமாற்றம். டீயைப் பற்றி அல்ல.

வண்டி நின்றதும் என் ஜன்னலுக்குக் கீழே தகர டப்பா வந்தது.

"தும்மல் சத்தத்தை வெச்சே சாருதான்னு கண்டுபிடிச்சிட்டேன்" என்று லேகியக்காரர் சிரித்தார். "இன்னா சார், கண்ணெல்லாம் தண்ணி? போன வாரம் மாதிரி ஆறு கட்டட்டா? ஒண்ணை இப்பவே வாயில போட்டுக்கினா வாணியம்பாடி போறதுக்குள்ள தெளிஞ்சிடுவீங்க."

டப்பாவைத் திறந்தார். அந்த வாசனை வந்தது. என் கை சட்டைப் பைக்குப் போனது. நான் அனுப்பவில்லை, அதுவாகப் போனது. இடுப்பு வலிக்கவே இல்லை என்றாலும் வலிக்கிறது என்று தோன்றியது. ஒன்றே ஒன்று போட்டால் டாக்டரம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று தோன்றியது. தெரியும் என்பதும் தெரிந்தது. போட்டால் மாத்திரை கிடையாது. மாத்திரை இல்லையென்றால் சாயங்காலம் செங்கம் வண்டி.

என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த பலாப்பழத்தைத் தூக்கி என் நெஞ்சோடு சேர்த்து மடியில் வைத்துவிட்டாள். ஒன்பது கிலோ இருக்கும். பையில் விட்ட கை பையோடு பலாமுள்ளுக்குக் கீழே மாட்டிக்கொண்டது. இழுத்தேன், வரவில்லை. வலி தாங்காமல் வாயைத் திறந்தேன், வந்தது தும்மல். நேராக டப்பாவுக்குள்.

லேகியக்காரர் டப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னா சார் இது, வியாபாரத்துல" என்று முனகிக்கொண்டே மூடியைப் போட்டார். விசில் ஊதியது. வண்டி நகர்ந்தது. ஒற்றைத் தும்மல்தான். டிரைவர் நிறுத்தவில்லை.

ஒன்பது இருபத்தாறுக்குச் சீட்டு வாங்கினோம்.

டாக்டரம்மா என் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். சட்டைக் கையை மேலே தள்ளி மயிரைப் பார்த்தார். நான் ஒரு கொட்டாவி விட்டு, மூக்கைத் துடைத்து, இரண்டு முறை தும்மினேன். அவர் முகம் மலர்ந்தது.

"ரொம்ப நல்லா இருக்கு. இப்பத்தான் சரியா இருக்கீங்க."

மாத்திரை உளுத்தம்பருப்பில் பாதிகூட இல்லை. நாக்கைத் தூக்கச் சொல்லி அடியில் வைத்தார். "முழுசாக் கரையறவரைக்கும் விழுங்கக்கூடாது, மெல்லக்கூடாது, பேசக்கூடாது. பத்து நிமிஷம்."

"பத்து நிமிசம் பேசமாட்டாருங்களா?" என்று என் மனைவி கேட்டாள். பலாப்பழத்திடம் இல்லை, டாக்டரம்மாவிடம்.

"பேசவே கூடாதும்மா."

நான் தும்மினேன். மாத்திரை பறந்தது. நர்ஸ் மேசைக்கு அடியில் தேடினாள், டாக்டரம்மா தன் மடியில் தேடினார். என் மனைவிதான் பலாப்பழத்து முள் இடுக்கில் கண்டுபிடித்தாள். கழுவிப் போட்டுக்கொள்ளலாமா என்று நான் கேட்டேன். டாக்டரம்மா அதைக் குப்பையில் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்தார். இந்த முறை மாத்திரை உள்ளே போனதும் என் மனைவி ஒரு விரலை என் மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தோம். வந்து போகிறவர்கள் பார்த்தார்கள். விரலை எடுக்கவில்லை.

"இன்னாங்க" என்றாள்.

ஏழு நாளைக்குப் பிறகு அந்த 'ங்க' காதில் விழுந்தது. நான் திரும்பினேன்.

"ஆடாதீங்க, மாத்திரை நகந்துடும். நான் சொல்றதைக் கேளுங்க. போன வாரம் தும்மலு தும்மலுன்னு உங்களை உக்கார வெச்சது நாந்தாங்க. நாலு சொம்பு தண்ணி குடுத்து வண்டியை வுட்டது நாந்தான். நீங்க திரும்ப ஆலங்காயம் போனதுக்கு என்னைத்தான் கேக்கணும். அதை உங்க மொகத்தைப் பாத்து சொல்ல வாய் வரலை. அதான் ஆட்டுகிட்டப் பேசிக்கினு இருந்தேன்."

நான் அதுவரை அவள் கோபத்தில் பேசவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். இதற்குச் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. வாயைத் திறந்தேன்.

"ம்! பேசாதீங்க!"

மூடிக்கொண்டேன். அவள் தொடர்ந்தாள். செங்கம் போவதாகச் சொன்னது நிஜம்தான் என்றாள். தம்பி பெண்டாட்டியின் குழம்பை நினைத்துத்தான் யோசித்தேன் என்றாள். பிறகு ஆட்டுக்குக் குளம்பில் புண், கூரையில் கிழக்கு மூலையில் ஒழுகல், 1961இல் என் அம்மா சொன்ன ஒரு வார்த்தை என்று வரிசையாக வந்தது. முப்பத்தெட்டு வருடத்தில் நான் குறுக்கே பேசாமல் அவள் சொல்லி முடித்தது அதுதான் முதல் தடவை. மாத்திரை கரைந்து அரை மணி நேரத்தில் கால் உதைப்பது நின்றது. தும்மல் நின்றது. வலி இல்லை, மயக்கமும் இல்லை. கவலைகள் மட்டும் ஏழும் திரும்பி வந்துவிட்டன. அவற்றைப் பார்த்ததில் எனக்குச் சந்தோஷம்தான்.

ஒரு வாரத்து மாத்திரையை டாக்டரம்மா என் கையில் கொடுக்காமல் அவள் கையில் கொடுத்தார். பலாப்பழத்தை நர்ஸ் வாங்கிக்கொண்டாள். கிழவிக்கு ஒரு பொடி டப்பா வாங்கித் திரும்பும் வண்டியில் கொடுத்தோம். ஆலங்காயத்தில் வண்டி நின்றபோது என் மடியில் வைக்கப் பலாப்பழம் இல்லை. அதனால் அவள் கையை வைத்தாள்.

மாத்திரை அளவைக் குறைத்துக் குறைத்து முழுவதும் நிறுத்தப் பதினாலு மாதம் ஆயிற்று. அதுவரை தினமும் காலையில் நாக்குக்கு அடியில் ஒன்று; பத்து நிமிடம் அவள் பேசுவாள், நான் கேட்பேன். ஆட்டுக்குத் தழை குறையாமல் கிடைத்தது, பேச்சுத்தான் நின்றுவிட்டது. பாவம், கொஞ்ச நாள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

முதல்நாள் செலவை மறுநாள் காலையில் வாய்விட்டுக் கூட்டினேன். பஸ், சீட்டு, மாத்திரை, டீ, பொடி டப்பா, எல்லாம் சேர்த்து முப்பத்தோரு ரூபாய் எழுபத்தைந்து பைசா. சொல்லி முடித்த கையோடு அவள் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துவிட்டாள்.

"பலாப்பழத்தை வுட்டுட்டீங்களே" என்றாள். "வாணியம்பாடியில அஞ்சு ரூபாய்க்குக் கொறைஞ்சி எவன் குடுப்பான்?"

அது எங்கள் மரத்துப் பழம். காசு கொடுத்து வாங்காததைச் செலவில் எழுதும் வழக்கம் எந்த அலுவலகத்திலும் கிடையாது. அவள் தூக்கி என் மடியில் வைத்ததற்குக் கூலி போடச் சொல்லியிருந்தால்கூட ஒத்துக்கொண்டிருப்பேன். இதையெல்லாம் சொல்வதற்கு இன்னும் ஒன்பது நிமிடம் இருந்தது. ஒன்பது நிமிடம் கழித்து அவள் தழை ஒடிக்கப் போய்விட்டாள். ஆகவே அவள் கணக்கே நின்றுவிட்டது: ரூபாய் 36, பைசா 75.